புகார் மனு யார் மேசைக்குப் போகிறது?



ஒரு கல்லூரி அணியின் சிறந்த வீரர் மேல் பாலியல் வன்கொடுமைப் புகார் வருகிறது. புகார் கொடுத்தவர் அதே வளாகத்தில் படிக்கும் மாணவி. வரும் சனிக்கிழமை பெரிய ஆட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். இதைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வைத்தே பெரும்பாலும் பேசப்போகிறேன். கல்லூரி விளையாட்டு அங்கே வளர்ந்திருக்கிற அளவுக்குப் பணமும் புகழும் புரளும் தொழிலாக வேறு எந்த நாட்டிலும் வளரவில்லை. அதோடு, நீதிமன்றத் தீர்ப்புகள், சட்ட நிறுவனங்களின் அறிக்கைகள், சமரசத் தொகைகள் என்று இந்த விவகாரத்தின் உள்விவரங்கள் அங்கே பொதுவெளிக்கு வந்திருக்கின்றன. ஊகம் செய்யாமல் பேச முடிகிறது. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் மக்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பெண்ணை நம்ப வேண்டும் என்கிறது ஒரு கட்சி. பையனின் எதிர்காலம் என்னாவது என்கிறது மறு கட்சி. அந்தச் சண்டைக்குள் போவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் புகார் மனு யார் மேசைக்குப் போகிறது? அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வீரர் ஆடுவதால் லாபமா, ஆடாததால் லாபமா? ஏதோ ஒரு வழியில் லாபம் இருக்கிறது என்றால் அந்த மேசையிலிருந்து நியாயம் வராது. பெண்ணுக்கும் வராது, பையனுக்கும் வராது. இன்று நான் நிறுவ முயல்வது இந்த ஒன்றைத்தான்.

முதலில் அங்கே இருக்கிற அளவு நமக்குப் புரிய வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களில் முதலிடம் ஆளுநருக்கு இல்லை, தலைமை நீதிபதிக்கும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளருக்கோ கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கோ அந்த இடம் போகிறது. 2021 ஜூலையிலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாக அவர்களுக்குப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு வைத்தார்கள். இந்தப் பணத்தின் நடுவில்தான் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கிறாள்.

டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகரில் பிராசஸ் ஆற்றங்கரையில் பேலர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாப்டிஸ்ட் கிறித்தவ சபையைச் சேர்ந்த, ஒழுக்கத்துக்குப் பேர்போன பழைய நிறுவனம். நெடுங்காலம் கால்பந்தில் தோற்றுக்கொண்டே இருந்த அணி, ஆர்ட் பிரைல்ஸ் என்ற பயிற்சியாளர் வந்த பிறகு வெல்லத் தொடங்கியது. 2014-ல் சுமார் 26 கோடியே 60 லட்சம் டாலர் செலவில் ஆற்றங்கரையில் புதிய மைதானம் எழுந்தது. அதே 2014-ன் தொடக்கத்தில் அந்த அணியின் முன்னாள் வீரர் ஒருவர் பாலியல் வன்கொடுமை வழக்கில் 20 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு வீரரைக் குற்றவாளி என்று நடுவர் குழு சொன்னது. இந்த இரண்டாம் வீரர் வேறொரு பல்கலைக்கழக அணியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு பேலருக்கு வந்தவர். அவர் மேல் வந்த புகாரை பேலர் ஏற்கெனவே ஒரு முறை விசாரித்து, மேல்நடவடிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மூடிவைத்திருந்தது. அந்த வழக்கு பின்னர் மேல்முறையீடுகளில் பல ஆண்டு இழுபட்டது. அது வேறு கதை. ஆனால் அந்த ஆகஸ்ட் மாதம்தான் ஊர் விழித்துக்கொண்டது. பல்கலைக்கழகமே பெப்பர் ஹாமில்டன் என்ற சட்ட நிறுவனத்தை அமர்த்தித் தன்னைத்தானே விசாரிக்கச் சொன்னது.

2016 மே 26 அன்று வெளியான அந்த விசாரணையின் முடிவுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். முழு அறிக்கை எழுத்தில் வரவில்லை. பதின்மூன்று பக்கச் சுருக்கமும் 105 பரிந்துரைகளும் மட்டும் வந்தன. அந்தச் சுருக்கமே போதும். கால்பந்துத் துறையைச் சேர்ந்தவர்கள் சில சமயம் புகார் கொடுத்த பெண்ணையோ அவளுடைய பெற்றோரையோ தாங்களே நேரில் சந்தித்திருக்கிறார்கள். கேட்டதைப் பல்கலைக்கழகத்தின் உரிய பிரிவுக்குச் சொல்லவில்லை. எந்தப் பயிற்சியும் இல்லாமல், எந்த விதியிலும் இல்லாமல், தாங்களே ஒரு விசாரணை நடத்தி, அந்தப் பெண்ணின் பேச்சு நம்பத்தக்கது அல்ல என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். வீரர்களைத் தங்களுக்குள்ளேயே தண்டிக்கும் தனி ஏற்பாடு ஒன்றும் நடந்திருக்கிறது. கால்பந்து, விதிகளுக்கு மேற்பட்டது என்ற எண்ணம் வளாகத்தில் ஊறிப்போயிருந்தது என்று அந்தச் சுருக்கம் சொல்கிறது. இத்தனைக்கும், பாலினப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கச் சட்டப்படி இருக்க வேண்டிய அதிகாரி, முழுநேரப் பொறுப்பில் அங்கே 2014 நவம்பரில்தான் நியமிக்கப்பட்டார். மைதானம் ஆகஸ்டில் திறந்துவிட்டது. அதிகாரி நவம்பரில் வந்தார். எது முந்தியது என்று பாருங்கள்.

பிரைல்ஸ் நீக்கப்பட்டார். ஆனால் ஒப்பந்தத்தை முறித்ததற்காக அவருக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் கென்னத் ஸ்டார் பதவியிழந்தார். அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனையே துருவித் துருவி விசாரித்த அதே ஸ்டார்தான். அவர் நிர்வாகம் செய்த வளாகத்தில், 2011-க்குப் பிறகு மட்டும் 17 பெண்கள் 19 கால்பந்து வீரர்கள் மேல் பாலியல் வன்முறை அல்லது குடும்ப வன்முறைப் புகார் சொல்லியிருந்தார்கள் என்று ஆட்சிக் குழுவினரே 2016 அக்டோபரில் பத்திரிகைக்குச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் எங்கே போய்ச் சொன்னார்கள்? யார் மேசைக்கு? மனு போக வேண்டிய மேசையில் 2014 நவம்பர் வரை முழுநேர ஆளே இல்லை. மனு போகக்கூடாத மேசைகளில் ஆள் நிறைய இருந்தார்கள்.

இதைக் கேட்டதும், இந்தக் கூட்டத்தில் சிலருக்கு ஒரு தெளிவு வந்திருக்கும். சரி, பல்கலைக்கழகங்கள் வீரர்களைக் காப்பாற்றுகின்றன; ஆகவே புகார் வந்த மறுநாளே வீரரை வெளியே தள்ளுவதுதான் மருந்து என்று தோன்றியிருக்கும். நண்பர்களே, அந்த மருந்தையும் ஒரு பெரிய பல்கலைக்கழகம் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறது. அதன் பெயர் டியூக்.

2006 மார்ச் 13 இரவு, வட கரோலினாவின் டர்ஹாம் நகரில், டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் அணியினர் தங்கள் தலைவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு விருந்து வைத்தார்கள். நடனமாடப் பணம் கொடுத்து அமர்த்தப்பட்டிருந்த பெண் ஒருவர், மூன்று வீரர்கள் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் கொடுத்தார். அவர் கறுப்பினத்தவர், ஏழை. அணியில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெள்ளையர், வசதி படைத்தவர்கள். நாடே கொதித்தது. அந்தக் கொதிப்புக்குப் பின்னால் அமெரிக்க வரலாற்றின் நியாயமான கோபம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் என்ன செய்தது? ஏப்ரல் 5 அன்று அந்தப் பருவத்தின் ஆட்டங்களை முழுவதும் ரத்து செய்தது. அதே நாளில் பயிற்சியாளர் மைக் பிரஸ்லர் பதவி விலக நேர்ந்தது. மறுநாள் மாணவர் பத்திரிகையில் 88 பேராசிரியர்களின் ஆதரவோடு, அந்தக் கொதிப்புக்குக் குரல் சேர்க்கும் ஒரு விளம்பரம் வந்தது. அன்று வரை ஒருவர் மேலும் குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை. அணியின் நடத்தையை ஆராயப் பல்கலைக்கழகம் அமைத்த குழு, சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில், மே 1 அன்று அறிக்கை கொடுத்தது. அணியினரின் குடிப்பழக்கமும் அடாவடியும் வெட்கக்கேடு என்று கண்டித்த அந்த அறிக்கை, அணி தொடர்ந்து ஆடலாம் என்றே பரிந்துரைத்தது. தண்டனை ஏப்ரல் 5-ல், விசாரணையின் முடிவு மே 1-ல்.

பிறகு நடந்தது சட்டக் கல்லூரிகளில் பாடமாகவே இருக்கிறது. தேர்தலில் நின்றுகொண்டிருந்த அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங், வீரர்களுக்குச் சாதகமான மரபணுச் சோதனை முடிவுகளை மறைத்தார். குற்றம் சாட்டப்பட்ட மூவரில் ஒருவர், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட அந்த நள்ளிரவு வேளையில், வேறோர் இடத்தில் வங்கி ஏடிஎம் ஒன்றில் பணம் எடுத்துக்கொண்டிருந்தது காமிராவில் பதிவாகியிருந்தது. 2007 ஏப்ரல் 11 அன்று மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ராய் கூப்பர், மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். ஆதாரம் போதவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. நைஃபாங்கின் வழக்கறிஞர் உரிமம் பறிபோனது. அந்த ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் பிராட்ஹெட், மாணவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணைநிற்கத் தவறியதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2024 டிசம்பரில், அன்று தான் சொன்னது பொய் என்று புகார் கொடுத்த பெண்ணே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

பேலரையும் டியூக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று வீரர்களை மூடி மறைத்தது. மற்றொன்று வீரர்களைத் தூக்கி எறிந்தது. பார்வைக்கு நேர் எதிர். இரண்டு இடத்திலும் முடிவெடுத்தவர்களின் மனத்தை ஆண்டது ஒரே கேள்விதான்: நாளைக் காலைப் பத்திரிகையில் நம் பெயர் எப்படி வரும்? அந்தக் கேள்விக்கு வேக்கோவில் ஒரு பதில் கிடைத்தது, டர்ஹாமில் வேறொரு பதில் கிடைத்தது. உண்மையில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் முதலிடம் கிடைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், வீரருக்குச் சாதகமா பாதகமா என்று அளப்பது தவறான அளவுகோல். முடிவெடுப்பவர் அந்த முடிவால் தனக்கு வரும் ஆதாயத்திலிருந்து விலகி நிற்கிறாரா என்பதே சரியான அளவுகோல்.

இது ஏதோ இரண்டு பல்கலைக்கழகங்களின் கதை என்று யாரும் ஒதுக்க முடியாது. 2014 ஜூலையில் அமெரிக்க செனட் உறுப்பினர் கிளேர் மெக்காஸ்கில் நாடு முழுவதும் 440 கல்வி நிறுவனங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தி வெளியிட்டார். வீரர்கள் மேல் வரும் பாலியல் வன்முறைப் புகார்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பை விளையாட்டுத் துறையிடமே கொடுத்துவைத்திருந்த நிறுவனங்கள் 20 சதவீதத்துக்கும் மேல். ஐந்தில் ஒன்று! வேதியியல் துறை மாணவன் மேல் புகார் வந்தால் வேதியியல் துறைத் தலைவரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று நம்மில் யாராவது ஒப்புக்கொள்வோமா? வீரன் என்றதும் மட்டும் அந்தச் சாதாரண அறிவு எங்கே போகிறது?

இனி, இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதைப் பார்ப்போம். அவற்றில் சில வலுவானவை.

முதல் எதிர்வாதம்: பாலியல் வன்கொடுமை ஒரு குற்றம், குற்றத்தை விசாரிக்கப் போலீஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பேராசிரியர்களுக்கு இதில் என்ன வேலை? நியாயமான கேள்விதான். இதற்கு ஃபுளோரிடா மாநிலத் தலைநகர் டல்லஹாசியில் நடந்ததைப் பதிலாக வைக்கிறேன். 2012 டிசம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவி ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். சில வாரத்தில், தன்னைத் தாக்கியவர் என்று அவர் அடையாளம் சொன்னது ஜேமிஸ் வின்ஸ்டனை; அணியின் வருங்கால நட்சத்திரம். அந்த இரவு அவர்கள் இருந்த மதுக்கூடத்தில் காமிராக்கள் இருந்தன. அந்தப் பதிவுகளைப் போலீஸ் கேட்டு வாங்கவே இல்லை, அவை அழிந்துபோயின. 2013 ஜனவரியிலேயே விளையாட்டுத் துறைக்கு விஷயம் தெரியும். அது உரிய பிரிவுக்குப் போய்ச் சேரவில்லை. அரசு வழக்கறிஞர் கைக்கு வழக்கு வந்தது நவம்பரில், அதுவும் பத்திரிகையாளர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு. டிசம்பர் தொடக்கத்தில், குற்றச்சாட்டுப் பதிய முடியாது என்று அவர் அறிவித்தார். சில நாளில் வின்ஸ்டனுக்கு நாட்டின் மிகப்பெரிய கல்லூரிக் கால்பந்து விருது கிடைத்தது. அடுத்த மாதம் அணி தேசிய வாகை சூடியது. பல்கலைக்கழகத்தின் சொந்த விசாரணை 2014 டிசம்பரில்தான் நடந்தது. சம்பவத்துக்கு இரண்டு ஆண்டுக்குப் பிறகு! மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இரு தரப்பையும் கேட்டு, ஒரு பக்கத்தின் சொல் மறுபக்கத்தின் சொல்லைவிடத் தெளிவாக மேலோங்கி நிற்கவில்லை, ஆகவே வின்ஸ்டன் விதியை மீறியதாகச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தார். 2016 ஜனவரியில் பல்கலைக்கழகம் அந்த மாணவிக்கு 9,50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அன்று இரவு நடந்தது என்ன என்று எனக்குத் தெரியாது, இங்கே இருக்கிற யாருக்கும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அதுதான் இந்த வழக்கின் கொடுமை. காமிராப் பதிவு ஒரு மாதத்துக்குள் எடுக்கப்பட்டிருந்தால், சாட்சிகளை நினைவு மங்கும் முன் கேட்டிருந்தால், ஒன்று அந்தப் பெண்ணுக்கு நீதி கிடைத்திருக்கும், இல்லையேல் அந்த இளைஞர் பெயரில் ஒட்டிய கறை கழுவப்பட்டிருக்கும். இரண்டும் நடக்கவில்லை. போலீசை மட்டும் நம்பியிருப்பது என்றால் இதுதான் நடக்கும். அதோடு, போலீசால் செய்ய முடியாத வேலை ஒன்று பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. நாளைக் காலை அந்தப் பெண் வகுப்புக்குப் போக வேண்டும். அதே விடுதி, அதே உணவுக்கூடம், அதே நூலகம். அவள் அங்கே அச்சமின்றிப் படிக்க வழி செய்வது யார்? 1972-ல் வந்த டைட்டில் நைன் என்ற சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனத்தில் பாலின அடிப்படையில் யாரும் கல்வியை இழக்கக்கூடாது என்கிறது. மாணவர்களுக்கு இடையே நடக்கும் கொடுமை தெரிந்தும் வேண்டுமென்றே பாராமுகமாக இருந்த நிறுவனம் இந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீடு தர வேண்டியிருக்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1999-ல் தீர்ப்புச் சொன்னது. சிறைக்கு அனுப்புவதா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. இவர் இந்த வளாகத்தில் இருக்கலாமா என்பது பல்கலைக்கழகத்தின் கேள்வி. ஒன்றுக்கு இன்னொன்று பதிலாகாது.

போலீசும் பல்கலைக்கழகமும் அவரவர் வேலையைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், 2013 ஜூன். மாணவர் விடுதியில் ஒரு கதவு சேதமாகியிருந்தது. யார் உடைத்தார்கள் என்று பார்க்க நடைவழிக் காமிராப் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள் ஊழியர்கள். நினைவிழந்த ஒரு பெண்ணைச் சிலர் நடைவழியில் தூக்கிச் செல்வது அதில் தெரிந்தது. அவர்கள் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள். தனக்கு என்ன நேர்ந்தது என்று அந்தப் பெண்ணுக்கே அப்போது தெரியாது. புகாரும் யாரும் கொடுக்கவில்லை. அந்த ஊழியர்கள் அந்தப் பதிவை மூடிவைத்திருக்கலாம். கால்பந்துப் பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் காதோடு சொல்லியிருக்கலாம். அவர்கள் நகரப் போலீசுக்குத் தெரியப்படுத்தினார்கள். சில நாள்களில் நான்கு வீரர்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பின்னர் நால்வருமே நீதிமன்றத்தில் குற்றவாளிகள் ஆனார்கள். விளையாட்டோடு எந்த ஆதாயத் தொடர்பும் இல்லாத ஊழியர்களின் மேசைக்கு அந்தப் பதிவு போனது. அதனால் நீதி கிடைத்தது.

இரண்டாம் எதிர்வாதம்: வீரரின் ஆட்டக்காலம் மிகக் குறுகியது, விசாரணை முடியும் வரை வெளியே உட்கார வைத்தாலே அவர் வாழ்க்கை போய்விடும், பிறகு நிரபராதி என்று தெரிந்து என்ன பயன்? இதை நான் மிகவும் மதிக்கிறேன். இல்லினாய் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் டெரன்ஸ் ஷேனனின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் இறுதியில் கான்சஸ் மாநிலத்தில் அவர் மேல் வழக்குப் பதிவானதும் பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. செய்தது விளையாட்டுத் துறையின் சொந்த விதிமுறைப்படி. அவர் நீதிமன்றம் போனார். 2024 ஜனவரி 19 அன்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அவரை மீண்டும் ஆட அனுமதித்து இடைக்கால ஆணை பிறப்பித்தார். தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்பதே அதன் சாரம். ஜூன் மாதம் நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. அதே மாதம் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்த வழக்கைக் காட்டி, பல்கலைக்கழகங்கள் இதில் தலையிடவே கூடாது என்கிறார்கள் சிலர். நான் அதே வழக்கிலிருந்து வேறு பாடம் படிக்கிறேன். மற்ற மாணவருக்கு இருக்கும் பாதுகாப்பு வீரருக்கு இல்லாமல் போனது எங்கே? விளையாட்டுத் துறையின் தனி விதிமுறையில். ஷேனனுக்கு நேர்ந்ததும் மேசை மாறியதால் நேர்ந்ததே. தனிப் பாதை வீரரைக் காப்பாற்றவும் செய்யும், பலி கொடுக்கவும் செய்யும். ஆகவே தற்காலிக இடைநீக்கம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சூழலில் இடைநீக்கம், எத்தனை நாளுக்குள் இரு தரப்பையும் கேட்பது, யார் கேட்பது என்பதெல்லாம் புகார் வருவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லா மாணவருக்கும் ஒரே விதி. பெயரைப் பார்த்து விதியைத் தேடக்கூடாது.

மூன்றாம் எதிர்வாதம் உணர்ச்சியிலிருந்து வருவது, அதனாலேயே ஆழமானது. அணி ஒரு குடும்பம்; பயிற்சியாளர் தந்தையைப் போன்றவர்; பிள்ளைகளை அவர்தான் அறிவார், அவரே கண்டிப்பார் என்பார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016-ல் நடந்ததை இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். செப்டம்பர் மாதம் ஒரு மாணவி பல வீரர்கள் மேல் புகார் கொடுத்தார். அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டுப் பதிய மறுத்தார். விளையாட்டுத் துறைக்கு வெளியே, பல்கலைக்கழகத்தின் சமவாய்ப்பு அலுவலகம் தனியாக விசாரித்தது. டிசம்பரில் பத்து வீரர்கள் இடைநீக்கம் ஆனார்கள். அணி முழுவதும் சீறி எழுந்தது. எங்கள் சகோதரர்களுக்கு அநீதி நடக்கிறது, ஆண்டிறுதிப் பெருவிழா ஆட்டத்தில் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். பயிற்சியாளர் டிரேசி கிளேஸ் அவர்களை மெச்சிப் பகிரங்கமாக எழுதினார். பிறகு அந்த அலுவலகத்தின் 82 பக்க அறிக்கை ஒரு தொலைக்காட்சி நிலையம் வழியாக வெளியே வந்தது. நாடு படித்தது, வீரர்களும் படித்தார்கள். அறிவிப்பு வந்த இரண்டே நாளில் புறக்கணிப்பு முடிந்தது. பாலியல் வன்முறையைத் தாங்கள் ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டு ஆடப் போனார்கள். ஜனவரியில் கிளேஸ் நீக்கப்பட்டார். குறித்துக்கொள்ளுங்கள்: பின்னர் நடந்த விசாரணைகளில் பத்துப் பேருக்கும் ஒரே முடிவு வரவில்லை, சிலர் விடுவிக்கப்பட்டார்கள். சரியான விசாரணை அப்படித்தான் இருக்கும். ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்க்கும். குடும்பப் பாசம் அப்படிப் பிரித்துப் பார்க்காது. பத்துப் பேரும் நம் பிள்ளைகள் என்றுதான் சொல்லும். நல்ல பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. தந்தையைப் போன்றவர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, தந்தையை நீதிபதி நாற்காலியில் எப்படி உட்கார வைப்பது?

மேலிருந்து யாராவது சரிசெய்வார்கள் என்று காத்திருக்கவும் முடியவில்லை. டைட்டில் நைன் விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று 2011-ல் ஒபாமா அரசு ஒரு வழிகாட்டுதல் தந்தது. 2017-ல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2020-ல் டிரம்ப் அரசு, குறுக்கு விசாரணையோடு கூடிய புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 2024-ல் பைடன் அரசு அவற்றை மாற்றியது. 2025 ஜனவரியில் கென்டக்கி நீதிமன்றம் ஒன்று அந்த மாற்றத்தை ரத்து செய்ய, பழைய 2020 விதிகளே திரும்பி வந்தன. ஆட்சி மாறினால் விதி மாறுகிறது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பாவது தண்டித்ததா? பேலர் விவகாரத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2021 ஆகஸ்டில் அது தந்த தீர்ப்பைக் கேளுங்கள். பேலர் தார்மிக ரீதியில் தவறியது, ஆனால் வளாகத்தில் எல்லாருடைய புகார்களையுமே அது சரியாகக் கவனிக்கவில்லை. ஆகவே வீரர்களுக்கு மட்டும் தனிச்சலுகை தந்ததாகச் சொல்ல முடியாது. எங்கள் விதியை மீறவில்லை. வேறு சிறிய மீறல்களுக்காக 5,000 டாலர் அபராதமும் நான்காண்டுக் கண்காணிப்பும் விதித்தார்கள். 5,000 டாலர்! எல்லாப் பெண்களையும் சமமாகக் கைவிட்டதே அந்த நிறுவனத்துக்குக் கேடயமாகிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

இதையெல்லாம் ஏன் தமிழில், தமிழர் கூட்டத்தில் பேச வேண்டும்? நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்த வளாகங்களில் படிக்கிறார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட நெருக்கமான காரணம் நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2015-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான வரி ஒன்று இருக்கிறது: துணைவேந்தர், பதிவாளர், புல முதல்வர், துறைத் தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கக்கூடாது. குழு சுதந்திரமாக இயங்க வேண்டும் என்பதற்காகவே அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கா இத்தனை கோடி டாலர் கொட்டிக் கற்றுக்கொண்டதை நம் விதி ஒரே வரியில் எழுதிவைத்துவிட்டது. எழுதியது நடைமுறைக்கு வந்திருக்கிறதா என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ படிக்கும் கல்லூரிக்கு அடுத்த முறை போகும்போது, விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கிய பிள்ளையாக இருந்தால் கட்டாயமாக, உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பட்டியலைக் கேளுங்கள். அதில் துறைத் தலைவர் இருக்கிறாரா, வெளி உறுப்பினர் இருக்கிறாரா, மாணவப் பிரதிநிதிகள் உண்மையிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களா என்று பாருங்கள். உடற்கல்வி இயக்குநரிடம் ஒரு புகார் சொல்லப்பட்டால் அவர் அதை எத்தனை நாளுக்குள், யாரிடம் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், பட்டியலை எழுத்தில் கேளுங்கள்.